டேப் வைத்து அளந்த வீணை

ஜெயங்கொண்டத்தில் பெரியம்மா இறந்த பிறகு அவருடைய வீணை எனக்கு வந்தது. அம்மாவின் அக்கா அவர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அவருக்கும் முன்னால் இரண்டு பேர் வாசித்த பழைய வீணை. சின்ன வயதில் இரண்டு வருடம் அவரிடம் கற்றுக்கொண்டேன், வர்ணத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் குடும்பத்தில் அதை வேண்டும் என்று கேட்டவள் நான் ஒருத்திதான்.

பெரம்பலூருக்குக் கொண்டுவந்து உறையைப் பிரித்தால், நீண்ட தண்டியும் உருண்டைக் குடமும் சேரும் இடத்தில் விரல் நுழையும் விரிசல். விரல் வைத்து வாசிக்கும் பித்தளை மெட்டுகளைத் தாங்கும் கறுப்பு மெழுகு காய்ந்து வெடித்திருந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும். லேபில் எனக்கு லீவு கிடைத்த வாரம் கணவருக்குக் கிடைக்காது. இப்படியே நான்கு மாதம் போனது.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். வீணை இருந்த மூலை காலி.

"அக்கா வூட்டு மாமா வந்தாரு. விரிசல்தானே, நான் ஒட்டித் தரேன்னு அரியலூருக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார் கணவர்.

நாத்தனார் கணவர் கதவு, கட்டில் செய்கிறவர். நல்ல வேலைக்காரர். உடனே போன் போட்டேன். "ஒட்டுறதோட நிறுத்திக்குங்கண்ணே. வேற எதையும் தொடாதீங்க."

"நீ கவலையே படாதம்மா."

பத்து நாளில் அவரே கொண்டுவந்தார். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தவள் மெட்டுகளைப் பார்த்தேன். மெழுகைக் காணோம். இருபத்து நான்கு மெட்டுகளும் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கப்பட்டு, ஏணிப்படி மாதிரி சம இடைவெளியில் நின்றன.

"கறுப்பா அழுக்கு அப்பிக் கெடந்துச்சு, பூரா சுரண்டிட்டேன். கம்பியெல்லாம் எட்டயும் கிட்டயுமா இருந்துச்சும்மா. டேப் வச்சு அளந்து ஒரே அளவா வச்சிருக்கேன். இனி அசையவே அசையாது."

குடத்தை நோக்கிப் போகப் போக மெட்டுகள் நெருங்க வேண்டும். அந்த இடைவெளிதான் சுரம். அவர் வாசிக்கச் சொன்னார். சரளி வரிசையில் மூன்றாவது சுரமே வழி தவறியது. "அருமையா இருக்கு" என்றார். கணவரும் தலையாட்டினார். டீ போடும் சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

அவர் போனதும் கணவர் சொன்னார்: "ஆசையா செஞ்சிருக்காரு. விடேன்."

"உங்க பைக் சக்கரத்த ஒருத்தர் ஆசையா சதுரமாக்கிக் குடுத்தா விடுவீங்களா?"

மறுநாள் போனில் நானே அவரிடம் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது நல்ல சேதி ஆகாது. நாத்தனார் தீபாவளிக்குக்கூடப் பேசவில்லை.

தஞ்சாவூரில் வீணை செய்கிறவர் ஸ்க்ரூக்களின் மேல் விரலை ஓட்டினார். "யாருங்க இது?" என்றார்.

"சொந்தக்காரர்."

அவர் ஓட்டைகளை எண்ணினார். நாற்பத்தெட்டு ஓட்டை, தண்டியின் மேல்பலகை உள்ளே கீறல் விட்டிருக்கிறது, மாற்றியாக வேண்டும் என்றார்.

அடுத்த முறை போகும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நாத்தனார் கணவர் நின்றுகொண்டிருந்தார்; என் கணவர் சொல்லியிருக்க வேண்டும். கையில் செய்தித்தாள் சுற்றிய பலாப்பலகை. "நானும் வரேம்மா. மேல்பலகைக்கு இது ஆகும்."

வீணைக்காரர் பலகையைத் தட்டிப் பார்த்தார். "ஈரம் இருக்குங்க. ஆகாது." பிறகு வேறொரு வீணையில் மெழுகைச் சூடாக்கி, ஒரு மெட்டை நூலளவு தள்ளுவதும் மீட்டுவதும் மறுபடி தள்ளுவதுமாக இருந்தார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் ஒரு மணி நேரம் அதையே பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், அரியலூரில் இறங்க எழுந்தவர் என் பக்கம் குனிந்தார்.

"காதக் குடுத்துதாம்மா கேட்டேன். அவரு தள்ளுறதுக்கு முன்ன, பின்ன, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை இனி யார்மேல் காட்டுவது? "பாத்துப் போங்கண்ணே" என்றேன்.

போன வாரம் தஞ்சாவூருக்குப் போன் செய்தேன். வீணைக்காரர் எடுத்து வைத்த பலகையும் இன்னும் காயவில்லையாம்.