மாஞ்சாவில் சிக்கிய பருந்து

சுதந்திர தினத்தன்று மாலை ஐந்தேகாலுக்கு என் மகள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, வெளியே ஒரு முழம் நீண்டிருந்த சன்ஷேடில் இறங்கினாள். மயூர் விஹாரில் எங்கள் கட்டடம் நான்கு மாடி. நான் சமையலறையில் இருந்தேன். எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர் மேலேயிருந்து கூப்பிட்ட பிறகுதான் ஓடினேன்.

ஆகஸ்ட் பதினைந்தில் டெல்லி மாடியெங்கும் பட்டம் விடும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா பறவைகளின் இறக்கையை அறுத்துவிடும். நான் கணக்கு வேலை பார்த்த பம்பு கம்பெனியின் முதலாளி சேட்ஜி அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார். முந்தின நாள் அலுவலகத்தில் லட்டோடு ஆளுக்கு ஓர் அட்டைப்பெட்டி தருவார். காற்றுத் துளை போட்ட பெட்டி. உள்ளே ஒரு துண்டு. மூடியில் அவர் வீட்டுத் தொலைபேசி எண். அடிபட்ட பறவையைப் பார்த்தால் கூப்பிட வேண்டும். கம்பெனி வேனில் அவரே வந்து, தன் பழைய கிடங்கில் நடத்திய மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஏழைகளுக்கு இலவச மருந்தகமும் வைத்திருந்தார். நாங்கள் லட்டைத் தின்றுவிட்டுப் பெட்டியில் வெங்காயம் போட்டு வைப்போம். கல்லூரியில் படித்த என் மகள்தான் அந்தப் பெட்டியை நம்பினாள்.

அன்றும் அவருக்குப் போன் செய்து, நூல் மின்கம்பி மேல் கிடப்பதையும் சொல்லியிருக்கிறாள். "வருகிறேன், தொடாதே" என்றாராம். சன்ஷேடோரம் மாஞ்சாவில் தலைகீழாகத் தொங்கிய பருந்து துடிப்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை.

நான் பார்த்தபோது பருந்தைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தாள். அதன் இறக்கையைச் சுற்றிய நூல் அவள் மணிக்கட்டையும் சுற்றியிருந்தது. நூலின் மறுமுனை தெருவின் மின்கம்பி மேல் கிடந்தது. மதியம் பெய்த தூறலில் எல்லாம் நனைந்திருந்தது.

சுவருக்கு மேல் குனிந்து அவள் குர்தாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, அதை விட்டுட்டு மேல வாட்டி."

"விட்டா தொங்கும்மா. இறக்கை பிஞ்சிடும்."

"பிஞ்சா பிஞ்சுட்டுப் போவுது!"

"கத்தாத. அது பயப்படுது. சேட்ஜி ஆ ரஹே ஹைன், வந்துடுவார்."

"வந்து உன்னையும் பெட்டியில வச்சுக் கொண்டுபோவாரா?"

பக்கத்தில் பஞ்சாபிக்காரர் சிரித்தார். "அரே பெஹன்ஜி, ஒரு சீலுக்கா, ஒரு பருந்துக்கா இந்தக் கூத்து? நூலை ஒரு இழு இழுத்தா தீர்ந்தது." கையை நீட்டியும்விட்டார்.

"அங்கிள், வேண்டாம்! கரன்ட் கம்பி மேல கிடக்கு!" மகள் இந்தியில் அலறினாள். அவர் கையை நான் இன்னொரு கையால் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. கீழே போய் ஆட்களைக் கூப்பிடுகிறேன் என்று ஓடினார்.

எந்த மாடியிலோ யாருடைய பட்டமோ அறுபட்டு, "வோ காட்டா!" என்று பிள்ளைகள் கூவினார்கள். ஒவ்வொரு கூச்சலுக்கும் பருந்து திமிறியது. நூல் விறைத்துத் தளர்ந்தது. அவள் கால் ஈரத்தில் சறுக்குவது குர்தாவின் துணி வழியாக என் கைக்குத் தெரிந்தது. வேகமாக இழுத்தால் வழுக்கிவிடுவாள். விட்டாலும் விழுவாள். அந்தப் பெட்டியைக் கொடுத்தவரை மனதுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். அவர் சீக்கிரம் வரவேண்டுமே என்றும் கும்பிட்டேன். இப்போதும் துணி காயப்போட மாடிக்குப் போனால், அந்த மூலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன்.

திடீரென்று கீழே ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது. வீடுகளில் கூலர்களின் இரைச்சலும் நின்றது. முதலாளிதான் வரும் வழியில் மின்சார ஆளைப் பிடித்து, எங்கள் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தச் செய்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. படியில் மூச்சிரைப்பு கேட்டது.

முதலாளி கையில் கத்தரிக்கோலோடு வந்தார். நேராகப் பருந்திடம்தான் போவார் என்று நினைத்தேன். கத்தரிக்கோலைத் தரையில் போட்டுவிட்டு, வெள்ளைக் குர்தாவோடு ஈரச் சுவரில் குப்புறப் படுத்து, கையை அவளிடம் நீட்டினார்.

"பேட்டி, மகளே, அதை விட்டுடு. பறவை போனா போகட்டும். முதல்ல உன் கையைக் கொடு."