இன்டர்நெட் கமிட்டிக்கு மினிபஸ்ஸில் போனோம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் சிதம்பரத்திலிருந்து குமராட்சிப் பக்கம் ஓடும் மினிபஸ்களில் பாதிக்கு மேல் என்னுடையவை. கிளீனராக ஏறி முதலாளியாக இறங்கியவன் இந்த வட்டாரத்தில் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள். அதனால் கடலூரில் மாவட்ட இன்டர்நெட் ஆலோசனைக் கமிட்டியில் சாதாரண ஜனங்களுக்கான இடம் காலி என்று கேள்விப்பட்டதும், அது எனக்காகவே காலியானது என்று நினைத்தேன்.

டவர் எங்கே வைப்பது, புகாரை எப்படி வாங்குவது என்றெல்லாம் பேசுகிற கமிட்டி அது. கம்பெனிக்காரர்கள், அதிகாரிகள், காலேஜ் வாத்தியார்கள் எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. போனை வைத்துக்கொண்டு அல்லாடுகிற மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. எங்கள் பக்கம் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னல் போகும். புகார் சொல்ல ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். நெட் இல்லை என்பதையும் நெட்டில்தான் சொல்ல வேண்டும்! இதை நான் போய்க் கேட்டால் கமிட்டியே ஆடிப்போகும் என்று இருந்தேன். பேர் கொடுத்தேன், நேரில் வரச் சொன்னார்கள்.

ஊருக்காகப் பேசத் தனியாளாகப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. சம்பந்தம் பேசினாலும் வாய்க்கால் தகராறு பேசினாலும் கூட்டமாகத்தான் போவோம். ஒரு மினிபஸ்ஸை நிறுத்தி, குமராட்சியிலிருந்து ஆட்களை ஏற்றினேன். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு ஒரு தட்டும் மடியில் இருந்தது. நடவு வேலைக்குப் போகும் என் தங்கையும் வந்தாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி.

ஆபீஸ் வாசலில் பஸ் நின்றதும், கமிட்டியைக் கூட்டுகிற அதிகாரி அம்மா வெளியே வந்தார்.

“ஒருத்தரத்தானே ஐயா வரச் சொன்னோம்?”

“பேசப்போறது நான் ஒருத்தன்தாம்மா. இவுங்கள்லாம் என் பக்கம்.”

தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “நல்லதாப் போச்சு, இவங்களையே கேட்டுடலாம். நீங்க யாரை அனுப்பறீங்க?” என்று பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார்.

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தங்கைதான் ஆரம்பித்தாள். “அண்ணே, கோச்சுக்காத. டவுன்ல ஒன் வூட்டுல நெட்டு நின்னு பாத்திருக்கியா? கரண்டு போனா ஜெனரேட்டர் ஓடுது.”

“ஒங்களுக்காகத்தான புள்ள நான் பேசப்போறேன்?”

“வெள்ளத்தப்ப ஒனக்குப் போன் போட நான் பாலத்து மேல ஏறி நின்னேன். கெடைக்கல. நீ இன்னா சொன்ன? நாந்தான் போன ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன்னு என்னயத் திட்டுன.”

பின் சீட்டிலிருந்து ஒருவன், “மாமா, நீங்க சூப்பராப் பேசுவீங்க. அடுத்தவங்கள பேச வுடமாட்டீங்களே!” என்றான். பஸ்ஸே சிரித்தது.

“ஓசி டிக்கெட்டுல வந்துட்டு வாயப் பாரு” என்றேன்.

“அப்போ யாரு?” என்று அதிகாரி அம்மா கேட்டதும் எல்லாரும் தங்கைக்கே கையைத் தூக்கினார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கை தூக்கியதைப் பார்த்து மிரண்டது அவள்தான். “ஐய, நானா? கூட்டம் காலைலயாமே. நடவ வுட்டுட்டு எப்பிடிம்மா வர்றது?”

அதிகாரி அம்மா தயங்கினார். கூட்டம் எப்போதும் காலையில்தானாம், மற்றவர்களுக்கு அதுதான் தோதாம். தங்கை முகம் சுருங்கிப்போனது. அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். சும்மா இருப்பேனா?

“ஏம்மா, சாதாரண ஜனத்துக்குன்னு நாற்காலி போட்டுட்டு, அதுங்க வேலைக்குப் போற நேரத்துல கூட்டம் வச்சா யாரு வந்து உக்காருவா?”

அந்த அம்மா உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். கூட்டம் சாயங்காலத்துக்கு மாறியது. கமிட்டியில் இல்லாமலே கமிட்டியை மாற்றியவன் நான். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டதில்லை.

முதல் கூட்டத்துக்குத் தங்கையை நானே காரில் கூட்டிப்போனேன். வெளியே வந்தவளிடம், “இன்னா பேசுன? ஆப் இல்லாம சாதா போன் கால்லயும் புகார் சொல்லலாம்னு ஒத்துக்கினாங்களா?” என்று கேட்டேன்.

“இருண்ணே. அனுப்புனவங்க எல்லாருக்கும் ஒண்ணாத்தான் சொல்லுவேன்.”

குமராட்சி வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, ஊரில் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்தாள் போல. கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன்.