ஊசிக்குத் தெரியாத பார்வை

மிஷினில் உட்காருமுன் ஒவ்வொரு கண்ணாக மூடி ஊசியில் நூல் கோத்துப் பார்ப்பது தையல்கார அக்காவின் பல வருடப் பழக்கம். நூல் நுழைந்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பு. அந்தத் தைரியத்தில், கண் அழுத்தத்துக்காகத் தினமும் படுக்கும்போது விடும்படி டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைப் பல நாள் விடாமலே அசதியில் தூங்கிப்போனாள். பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்க்காமல் இடித்துத் தள்ளிய அன்றுதான் அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

“ஓரப் பார்வைதாம்மா முதல்ல போகும். நூல் கோத்தா அது தெரியாது,” என்றார் டாக்டர்.

“ராத்திரி அசந்து தூங்கிடறேன். அப்ப எந்த நேரத்துல மருந்து விடறது நல்லது டாக்டர்?” என்றாள் அக்கா.

“இந்த மருந்தைச் சாயங்காலமே விடலாம். தினமும் அதே நேரத்துல, மறக்காம விடணும். அதுதான் முக்கியம்.”

“மிஷினுக்கு மட்டும் தவறாம எண்ணெய் விடுவா டாக்டர்,” என்றாள் தங்கை.

இப்போது சாயங்காலம் மிஷினை மூடியதும் தங்கையே சொட்டு விடுகிறாள். போன பார்வை திரும்பவில்லை. மிச்சம் நிற்குமா என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும்.