குழாயடிக்குப் பையப் பைய

எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது என் வேலை. தாராவியில் ரோட்டோரம் இருக்கும் எங்கள் சந்துக் குழாயடிக்கு ஆண்கள் வருவது வழக்கமில்லை. பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உலகத்துக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் நான் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. நான் வந்தால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பம்பாய்க்கு வந்த புதிதில் தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் என் மனைவி கீழே விழுந்தாள். இடது தோள் நழுவிவிட்டது. கட்டுப் போட்டுச் சரியானது போலத்தான் இருந்தது. ஆனால் கனமாக எதையாவது தூக்கினால் இரண்டு நாளைக்கு அந்தக் கையால் தலைமுடியை அள்ளி முடிய முடியாது. அதனால் குடம் என்னிடம் வந்தது. மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை எனக்கு. காலையில் குடங்களை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

ஊருக்கெல்லாம் நேரத்துக்குச் சோறு போட்டவனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. வயிற்றில் புண் வந்து, அது முற்றி, அந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து இரைப்பையில் ஒரு பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். தாதரில் டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். மெஸ் முதலாளி நல்லவர். "ஒடம்பு நேராகட்டும். ஒம்ம எடம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு மெஸ்ஸைப் பற்றிக் கவலையில்லை. படுக்கையில் கண் விழித்ததும் கவலை குடத்தைப் பற்றித்தான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு மராட்டிய நர்ஸ் கட்டிலருகே வந்து வேகமாக ஏதேதோ சொன்னார். நான் வலியில் கண்ணை மூடியிருந்தேன். என் மனைவிக்குத் தெரிந்தது காய்கறி வாங்கும் இந்தி. அதை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டு எனக்குச் சொன்னாள்.

"ஹோலி வரைக்கும் கனம் தூக்கப்படாதாம். கைய வீசி நடக்கணுமாம். தெனமும் அலுக்க அலுக்க நடக்கணுமாம்."

"அலுக்க அலுக்கன்னா சொன்னாவ?"

"ஆமா, தமிழ்லயே சொன்னாவ. நம்ம ஆளுவகூடப் பழகியிருப்பாவ போல. அலு அலுன்னு ரெண்டு தரம் சொன்னாவல்லா."

ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தை என்றால் அவளுக்கு வேதம். மறுநாளே என்னை எழுப்பி நிறுத்தினாள். சந்து முனை வரை போனோம். "அலுத்துட்டா?" என்றாள். "அலுத்துட்டு" என்றேன். "மொகத்தைப் பாத்தா அலுத்த மாதிரி இல்லையே" என்று மெயின் ரோடு வரை நடத்தினாள். நாலைந்து நாள் இப்படியே போனது. ஒரு நாள் தோல் கிடங்குச் சுவரோரம் கண் இருட்டிக்கொண்டு வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேட்டியில் தையல் பக்கமாக ஈரம் தெரிந்தது. அவள் அழுதுகொண்டே டாக்சி பிடித்தாள். தாராவியில் நாங்கள் டாக்சியில் ஏறியது அன்று ஒருமுறைதான்.

அதே நர்ஸ்தான் கட்டை மாற்றினார். எவ்வளவு தூரம் நடந்தேன் என்று அவளிடம் கேட்டார். அவள் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஹளூ ஹளூ சாலா! ஹளூ ஹளூ!"

சொன்னதோடு நிற்கவில்லை. வார்டின் நடுவில், அத்தனை நோயாளிகளும் பார்க்க, ஆமை மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து காட்டினார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இது பையப் பையல்லா! பையப் பைய நடக்கச் சொல்லியிருக்காவ. நான் பாவி அலுக்க அலுக்க இழுத்தடிச்சிருக்கேன்."

"பைய பைய" என்று நர்ஸும் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்கான முறை ஒன்று அமைந்தது. ஒரு வாரம் சந்து முனை வரை. உடம்பு ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஏற்காவிட்டால் பழைய தூரமே. தூரத்தை அவள் ஏற்றுவாள், நான் இறக்கச் சொல்வேன், இருவருக்கும் நடுவில் ஏதோ ஒரு கடை வாசலில் முடிவாகும்.

என்னுடைய கஷ்டம் வேறு. வேலையில்லாமல் கையை வீசிக்கொண்டு நடக்க எனக்கு வெட்கம். மாட்டுங்காவில் ஆபீஸ் போகிற பெரியவர்கள் காலையில் வெள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எங்கள் சந்தில் ஒருவன் வெறுமனே நடந்தால் வாசலுக்கு வாசல் கேள்வி வரும். "எங்க போறிய?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் சொல்ல வராது.

அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். "யாராவது கேட்டா கறிவேப்பிலை வாங்கப் போறேன்னு சொல்லுங்க. கறிவேப்பிலை கனமே கிடையாது." திங்கட்கிழமையும் கறிவேப்பிலை, புதன்கிழமையும் கறிவேப்பிலை. செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் செம்பூர் போய் அங்கே சின்ன முருகன் கோயிலில் நடை. வியாழனும் சனியும் ரயில் மேம்பாலம் வரை போய், படி ஏறாமல் பார்த்துவிட்டு வருவது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. இது டாக்டர் சொன்னதில்லை. அன்றைக்குச் சந்தில் எல்லா ஆண்களும் வீட்டில் இருப்பார்கள், அதனால்.

குழாயடியில் ஒருத்தி என் மனைவியிடம் கேட்டாளாம். "யக்கா, அண்ணாச்சி தெனமும் கறிவேப்பிலையா வாங்கியாராவளே, வீட்டுக்குள்ள ஆடு கீடு வளக்கியளா?"

"ஆமா, ரெண்டு காலு ஆடு ஒண்ணு வளக்கேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இதை என்னிடம் வந்து சொல்லி அவளே சிரித்தாள்.

நான் முன்னால் போவேன், அவள் பத்தடி பின்னால் வருவாள். கொஞ்சம் எட்டி நடந்துவிட்டால் பின்னாலிருந்து "பைய! பைய!" என்று கத்துவாள். எங்கள் ரோட்டோரம் வடநாட்டுப் பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பால் ஊற்றுவார். பம்பாயில் அவர்களையெல்லாம் பையா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் கத்தும்போதெல்லாம் அவர் திரும்பி, "க்யா பாய்? கித்னா சாஹியே?" என்று எவ்வளவு வேண்டுமெனக் கேட்டு அளவுச் செம்பைத் தூக்குவார். இவள் "தும் நை, தும் நை" என்று கையை ஆட்டிவிட்டு, மறுபடியும் என்னைப் பார்த்து "பைய!" என்பாள். மறுபடியும் அவர் திரும்புவார். அந்த மனிதருக்குக் கோபமே வந்ததில்லை.

வெளியில் இப்படிச் சிரிப்பாகப் போயிற்று. வீட்டுக்குள் காலைப் பொழுது எனக்கு நன்றாக இல்லை. அவள் குடத்தோடு வரும் சத்தத்தைப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். நேராக வந்தால் ஒரே நடை. இவள் நடையில் இடையிடையே நிற்பது கேட்கும். குடத்தைக் கீழே வைத்து இடுப்பு மாற்றுகிறாள் என்று தெரியும். உள்ளே வந்ததும் ஒன்றும் நடக்காதவள் போல அடுப்பைப் பற்ற வைப்பாள். மத்தியானம் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாடை வரும். திரும்பிப் பார்த்தால் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொள்வாள்.

ஒரு நாள் அவள் இல்லாத சமயம் பாதிக் குடத்தைத் தூக்கிப் பார்க்கலாம் என்று குனிந்தேன். கை வைத்ததுதான் தாமதம், வாசலில் வந்து நின்றாள்.

"ஹோலி வந்துட்டா?"

"இல்ல, சும்மா நகத்தி வைக்கலாம்னு..."

"சும்மா கெடங்க. வயிறு பிரிஞ்சா நான் தைக்க முடியுமா? எனக்குத் தைக்கத் தெரிஞ்சது சாக்குதான்."

"ஒனக்குத் தோளு?"

"எந்தோளுக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கு."

அன்று அவளால் தலை முடிய முடியவில்லை. பின்னலை நான்தான் போட்டுவிட்டேன். கோணலாக வந்தது. அதோடேயே குழாயடிக்குப் போனாள்.

செம்பூர் கோயில்தான் எனக்குப் பிடித்த இடம். கோயிலைச் சுற்றினால் யாரும் ஏன் சுற்றுகிறாய் என்று கேட்க மாட்டார்கள். பையும் வேண்டாம், கறிவேப்பிலையும் வேண்டாம். எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம், பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். உடம்பு தேறத் தேற என் சுற்றும் கூடியது. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குருக்கள் என்னை நிறுத்தினார்.

"நானும் பாத்துண்டேதான் இருக்கேன். விடாம சுத்தறீரே, அப்படி என்ன ஓய் வேண்டுதல்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மனதில் இருந்தது அப்படியே வெளியே வந்தது.

"குடம் எடுக்கணும் சாமி."

"பேஷ்! பால்குடமா? பங்குனி உத்திரத்துக்குத்தானே? பேர் சேத்துக்கறேன்."

அது தண்ணீர்க் குடம் சாமி என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் தலையை ஆட்டிவிட்டேன்.

வெளியே செருப்பருகே நின்ற அவளிடம் சொன்னேன். முதலில் விழித்தாள். பிறகு விரல் மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.

"ஹோலி என்னைக்கு?"

"பௌர்ணமிக்கு."

"பங்குனி உத்திரம்?"

அந்த வருஷம் இரண்டும் ஒரே பௌர்ணமியில் வந்தன. டாக்டர் போட்ட கெடுவும் குருக்கள் போட்ட கெடுவும் ஒன்றாகிப் போயின. "முருகனும் நர்ஸம்மாவும் பேசி வச்சிருக்காவ" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நிஜமாகவே அப்படி நம்பினாள். கிளம்பும்போது கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு கூடுதலாகப் போட்டாள்.

பால் வாங்க அந்தப் பால்காரரிடமே போனோம். இத்தனை நாளும் தன்னைக் கூப்பிட்டுவிட்டு வாங்காமல் போனவள் உண்மையாகவே செம்பை நீட்டியதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆஜ் சச்முச்?" என்று, இன்றைக்கு நிஜமாகவா என்பது போலக் கேட்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அளந்ததற்கு மேல் ஒரு கரண்டி ஊற்றினார்.

பால்குடம் சின்னதுதான். குழந்தைகள்கூட எடுத்து வந்தார்கள். ஆனால் அத்தனை பேர் பார்க்க, மஞ்சள் வேட்டி கட்டி, மேளத்துக்கு நடுவில் நடப்பது எனக்குக் குடத்தைவிடக் கனமாக இருந்தது. அவள் பக்கத்திலேயே வந்தாள். சாமியைப் பார்க்கவில்லை, என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். கூட்டம் நெருக்கும்போதெல்லாம் முருகா முருகா என்று மற்றவர்கள் சொல்ல, இவள் மட்டும் "ஹளூ ஹளூ" என்றாள். குருக்கள் குடத்தை வாங்கிக்கொண்டதும் என் வயிற்றை நானே தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இழுக்கவில்லை.

மறுநாள் காலை சந்தெல்லாம் ஹோலி வண்ணப் பொடி. அவளுக்கு முன்னால் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் தடுக்கவில்லை, கூடவே வந்தாள். குழாயடியில் குடங்கள் வரிசையில் இருந்தன.

"என்ன அண்ணாச்சி, கறிவேப்பிலை இல்லையா இன்னைக்கு?" என்றாள் அந்த ஆட்டுக்காரி.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றேன்.

அத்தனை பெண்களும் சிரித்தார்கள். குழாயடியில் நான் பதில் பேசியது அதுதான் முதல் தடவை. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. யாரோ தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்கள்.

குடம் நிறைந்தது. மூச்சைப் பிடிக்காமல், முழங்காலை மடக்கி, நர்ஸ் நடந்த ஆமையை நினைத்துக்கொண்டு தூக்கித் தோளில் வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் தளும்பிக் கழுத்தில் வழிந்தது. வயிறு பேசாமல் இருந்தது.

அவள் எனக்கு முன்னால் நடந்தாள். கையில் ஒன்றுமில்லை. சும்மா இருக்கும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்டாள். ரோடு வந்ததும் இரண்டு கையையும் வீச ஆரம்பித்தாள். இடது கை கொஞ்சம் குறைவாகத்தான் வீசியது. ஆனாலும் வீசியது. அந்தச் சந்தோஷத்தில் எட்டி எட்டிப் போய்விட்டாள். குடத்தோடு என்னால் அவ்வளவு வேகம் போக முடியவில்லை.

"ஏளா, பைய!" என்று கத்தினேன். "பைய! பைய!"

அவள் திரும்பினாள். முகமெல்லாம் பச்சைப் பொடியாக, அந்தப் பால்காரரும் திரும்பினார்.