எட்டு சதவீதத் தண்ணீர்

ராமாமணி போட மறுத்த கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் மோகன்குமார் அவரை முதன்முதலில் பார்த்தான்.

1996. கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி. பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சவ்வு எப்படி வளையும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுத் தரும்படி ஒரு பம்பு கம்பெனி பேராசிரியர் ரங்கராஜிடம் கேட்டிருந்தது. கணக்கை ஓட்டியவர் போத்தனூர் ராமாமணி, எம்.எஸ்சி. கணிதம், தற்காலிக உதவியாளர். எம்.இ. சேர்ந்து ஒரு மாதமே ஆன மோகன்குமாரிடம் அறிக்கையை நீட்டி, "கணக்கிட்டவர்னு இருக்கற எடத்துல ஒரு கையெழுத்துப் போடு கண்ணு" என்றார் பேராசிரியர். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன். பி.இ. என்பதையும் சேர்த்து நிறுத்தி எழுதினான். அறிக்கையைப் படிக்கவில்லை.

லேபில் ராமாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டத்தையும் சேத்துப் போட்டீங்களாக்கும்?"

"ஆமாங்க்கா."

"எதுக்குப் போட்டீங்கன்னு தெரியுங்களா?"

கணக்கின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முறையைச் சோதிக்க அவர் ஓட்டிய எளிய கணக்கு அது: அசையாத தண்ணீருக்குள், தண்ணீர் நிறைந்த ஒரு ரப்பர் வளையம். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே வளையமும் சுருங்கக் கூடாது. இருபதாயிரம் படிகள் கணக்கு ஓடியதும் அது எட்டு சதவீதம் சிறுத்திருந்தது.

"ஓட்டையே இல்லாத வளையத்துல இருந்து தண்ணி எங்கீங்க போச்சு?"

கம்ப்யூட்டர் தண்ணீரைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அதன் வேகத்தைக் கணக்கிடுவது அந்தக் கட்டங்களின் மூலைகளில். சவ்வின் புள்ளிகளோ கட்டங்களுக்கு நடுவே கிடந்தன. அக்கம்பக்கத்து வேகங்களைக் கலந்து சவ்வை நகர்த்துகையில் கசிவு நுழைந்துவிடுகிறது.

"நாலு மாசம் குடுங்க, முறையவே சரி செஞ்சுபோடறேன்னேன். சார் புரோகிராம்ல மூணு வரி சேத்துட்டாரு. நூறு படிக்கு ஒருக்கா வளையத்தப் பழைய அளவுக்கே ஊதி விட்டுரும். கசிவே இல்லைன்னு அறிக்கை."

"பஞ்சரான டியூப்புக்கு வழியெல்லாம் காத்தடிச்சுப்போட்டு, பஞ்சரே இல்லைங்கற மாதிரிங்களா?"

"அதேதானுங்க."

காது சுட, நேராகப் பேராசிரியரிடம் போனான். "அட்ஜஸ்ட்மென்ட் இல்லாத கணக்கு எங்கய்யா இருக்குது? அந்தப் பொண்ணுக்குப் பம்பப் பத்தி என்ன தெரியும்?"

"பம்பு தெரிய வேண்டாங்க சார். கழித்தல் தெரிஞ்சாப் போதுமுங்க."

அறிக்கை அதற்குள் போய்விட்டிருந்தது. அன்றைக்கே இருவரும் அந்த இரண்டு படங்களையும் இணைத்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். தன் கையெழுத்து செல்லாது என்று அவன் தனியாக ஒரு வரி சேர்த்தான். கம்பெனி அறிக்கையைத் திருப்பி அனுப்பியது.

கல்லூரி யாரை விசாரித்தது? மூன்று வரி சேர்த்தவரையா? அவர் அந்த வருடமே துறைத்தலைவர் ஆனார். மோகன்குமாருக்கு வழிகாட்டி மாறி ஒரு வருடம் வீணானது. ராமாமணிக்கு ஒழுங்கீனம் என்று காரணம் எழுதி, வேலையை நீட்டிக்க மறுத்தார்கள். கசிவைக் கண்டுபிடித்தது ஒழுங்கீனமாம்.

ராமாமணி இப்போது கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கணக்கு நடத்துகிறார். அங்கே கணக்கு ஓட்டிப் பார்க்க அவருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது.