யூட் கத்தாரில் இருந்த காலம்

கந்தோரில் வேலைக்கு நடுவே தேநீர் வந்த நேரம் என் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. யூட்–றியாஸ் பாட்டுகளுக்கான எங்கள் இரசிகர் குழுவில் றியாஸ் ஒரு செய்தி போட்டிருந்தான். "யூட் போயிட்டான். இண்டைக்கு ஆரும் எங்கட பாட்டைப் போடாதேங்கோ." குழுவை நடத்துகிறவள் நான் என்பதால் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையோ அக்கா, என்ன நடந்தது, கத்தாரிலோ? எனக்கு ஒன்றும் தெரியாது. தேநீர் ஆறிப்போனது. றியாஸின் சொல்லையும் ஒருவரும் கேட்கவில்லை. பின்னேரம் மன்னார் பஸ் நிலையத்தில் நின்ற ஓட்டோக்கள் எல்லாவற்றிலும் யூட்டின் குரல்தான்.

யூட்டை அவன் என்றே எழுதுகிறேன். 'அன்னார்', 'அமரர்' என்றெல்லாம் எழுதினால் அவனுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் எழுத வராது.

யூட்–றியாஸ் என்று ஒரே மூச்சில் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். யூட் முள்ளிக்குளம், றியாஸ் மறிச்சுக்கட்டி. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டு குடும்பங்களும் வெவ்வேறு காலத்தில் ஊரை விட்டு ஓடி, வெவ்வேறு இடங்களில் இருந்து, திரும்பி வந்தவை. றியாஸ் வீட்டின் பின்னறையில் சுவர் முழுக்க முட்டை மட்டையும் பழைய மெத்தையும் அடித்து, வெக்கையில் அவிந்து அவிந்து பாட்டுப் பதிந்தார்கள். "கழுதைக்கு என்ன அவசரம்" அங்கே பிறந்ததுதான். றோட்டுக்கு நடுவே நின்று பஸ்ஸை மறிக்கும் மன்னார்க் கழுதையைப் பற்றிய பாட்டு. அது ஒலிக்காத கலியாண வீடு மன்னார்த் தீவிலும் இல்லை, பெருநிலத்திலும் இல்லை.

யூட் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் நானாட்டானில்தான். விளையாட்டு விழா. அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, ஒரு முஸ்லிம் தம்பியும் ஒரு கத்தோலிக்கத் தம்பியும் கைகோத்துப் பாடும் ஒற்றுமையைப் பாருங்கள் என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். யூட் மெல்ல வந்து ஒலிவாங்கியை வாங்கினான். "ஐயா, குறை நினையாதேங்கோ. நாங்கள் ஒற்றுமைக்காகப் பாடேல்ல. பாட்டு நல்லாருக்கு எண்டு பாடுறம். நல்லாயில்லாட்டி ஒற்றுமையையும் பாக்காமல் எழும்பிப் போங்கோ." சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அறிவிப்பாளர் மட்டும் கதிரையில் போய் உம்மென்று இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில் யூட்டை மேடையில் காணவில்லை. கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று றியாஸ் சொன்னான். நாங்கள் நம்பினோம். மன்னாரில் யார் வீட்டில்தான் ஒருவர் கத்தாரில் இல்லை? ஒன்றரை வருடத்துக்கு மேல் றியாஸ் தனியாகவே கலியாண வீடுகளில் பாடினான். பிறகுதான் அந்தச் செய்தி. லீவில் வந்த இடத்தில் திடீரென்று வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், கொழும்பில் உயிர் போய்விட்டது என்றார்கள். அதையும் நம்பினோம்.

யூட் இறந்து சில மாதம் கழித்து றியாஸ் "சோளகம்" என்று தென்மேற்குக் காற்றின் பெயரில் ஒரு இசைத்தொகுப்பை வெளியிட்டான். இருவரும் கடைசியாகப் பதிந்த பாட்டுகள் என்று எழுதியிருந்தான். ஓடிப்போய்க் கேட்டோம். முதல் பாட்டிலேயே குழுவில் ஒருவருக்கொருவர் முகம் சுளிக்கத் தொடங்கினோம். அது யூட்டின் குரல் போலவும் இருந்தது, இல்லைப் போலவும் இருந்தது. கரகரவென்று, அடியிலே கிடந்து இழுத்தது. "பாலம் தாண்டி" என்ற பாட்டில் அவன் தனியாகவே பாடுகிறான். தகரத்தில் ஆணி கீறுவதுபோல் இருக்கிறது என்று ஒருவர் எழுதினார்.

அடுத்த நாளே ஒரு கெட்டிக்காரர் கணக்குப் போட்டார். போகமுன் பாடியது என்றால் பழைய குரல் எங்கே? போனபிறகு என்றால், கத்தாரில் இருந்தவன் எப்போது மறிச்சுக்கட்டிக்கு வந்து பாடினான்? விடையையும் அவரே சொன்னார். றியாஸ் பழைய பாட்டுகளைக் கணினிக்குக் கொடுத்து யூட்டின் குரலைச் செய்து எடுத்திருக்கிறான். செத்தவனின் குரலை விற்கிறான். இதுதான் நாங்கள் செய்த பிழை. இரசிகர்கள் என்றால் பாட்டுக்காரனின் இருமல்கூடத் தெரிந்தவர்கள் என்ற எண்ணம் எங்களுக்கு. இது யூட் இல்லை என்று எங்கள் காது சொன்னதை நாங்கள் சந்தேகிக்கவே இல்லை.

றியாஸ் வாயே திறக்கவில்லை. தாராபுரத்தில் ஒத்துக்கொண்ட ஒரு கலியாணத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் பொடியன்கள், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, "மிசின் காக்கா" என்று கூப்பிட்டுவிட்டு மறைந்தார்கள். நான் அவனுக்கு அழைப்பு எடுத்தபோது, "சொல்லிட்டுப் போகட்டும் அக்கா" என்று மட்டும் சொன்னான். எனக்கு ஆத்திரம். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் என்ன என்று கத்தினேன். அவன் சலாம் சொல்லி வைத்துவிட்டான்.

யூட்டின் மனைவி அனற்றா என்னை வரச்சொன்னது அந்தக் கிழமைதான். முள்ளிக்குளம் போனேன். றியாஸும் அங்கே இருந்தான். நான் வருவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, அவர் கத்தாருக்குப் போகேல்ல," என்றாள் அனற்றா. "ஒரு நாளும் போகேல்ல. தொண்டையில புற்றுநோய். கொழும்பு ஆஸ்பத்திரியில கரண்ட் பிடிச்சவை, அந்தக் கதிர்ச் சிகிச்சை. அதுக்குப் பிறகு வந்த குரல்தான் நீங்கள் கேட்டது. ஒரு வரி பாடுவார், தண்ணி குடிப்பார், திரும்ப ஒரு வரி. மிசினும் இல்ல, ஒண்டும் இல்ல."

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். பதில் சொன்னது றியாஸ்.

"அவன்தான் அக்கா. வருத்தக்காரன் பாடினது எண்டு தெரிஞ்சால் சனம் பாட்டைக் கேக்காது, என்னைத்தான் பாக்கும் எண்டான். பாவம் பாத்துக் கேக்கிற பாட்டு எனக்கு வேண்டாம் எண்டான். என்னட்ட சத்தியம் வாங்கினவன். என்னைக் கள்ளன் எண்டு சொல்லட்டும், பரவாயில்ல. நீங்கள் ஆருக்கும் சொல்லாதேங்கோ."

"தம்பி, உங்களுக்குப் பரவாயில்ல," என்றாள் அனற்றா. "உங்கட உம்மா இப்ப கடைத்தெருவுக்கே போறேல்லயாம். செத்த மனுசன்ட சொல்லுக்காக உயிரோட இருக்கிற ஆக்களை நான் சாகவிடமாட்டன். நான் அவற்ற பெண்சாதி. நான் சொல்லுறன். அக்கா, போனைப் பிடியுங்கோ."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைப்பேசியில் பதிவை அழுத்தி அவள் முன் நீட்டினேன். அவள் பேசி முடிக்கு முன்பே றியாஸ் வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அன்றைக்கே அவள் குரலைக் குழுவில் போட்டேன். இன்னொரு முறை கேட்டாலும் போடுவேன். ஒருவன் பெயர் தெருவில் நாறும்போது பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அது போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் றியாஸ் ஒரு சொல்லும் சொல்லாமல் குழுவை விட்டு விலகினான். இன்றுவரை என் அழைப்பை எடுக்கவில்லை.

பிறகு நடந்ததும் குழுவில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், உங்களில் பலர் செய்ததுதானே. தகரமும் ஆணியும் என்று எழுதியவரே, கேட்கும்போது கண் கலங்குகிறது, தெய்வீகக் குரல் என்று எழுதினார். ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் படமும் மெழுகுதிரியும் போட்டுப் பாட்டைப் பரப்பினார். பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. தாராபுரத்துக் கலியாணக்காரரும் திரும்பக் கூப்பிட்டார்களாம். பாடுவதற்கு முன் யூட்டின் வருத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டார்களாம். "பாட்டு வேணுமெண்டால் வாறன், கதை வேணுமெண்டால் வேற ஆளைப் பாருங்கோ" என்று றியாஸ் சொன்னதாக அனற்றா சொன்னாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் ஒழுங்காகக் கேட்கப் பார்க்கிறேன். இரண்டு பாட்டுகள் இழுக்கின்றன, அவற்றை விட்டிருக்கலாம். "பாலம் தாண்டி" வேறு. பழைய யூட் மேலே ஏறிப் பிடிக்கிற இடத்தில் இந்த யூட் கீழே இறங்கி நிற்கிறான். இருந்த குரல் போனபிறகு, மிஞ்சினதை வைத்து ஒரு புதுப் பாட்டுக்காரன் ஆகியிருக்கிறான். ஆனால் இதை எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வருகிறது. பாட்டைத்தான் சொல்கிறேனா, அந்தத் தண்ணீர்க் கோப்பையை நினைத்துக்கொண்டு சொல்கிறேனா? எனக்கே தெரியவில்லை. யூட்டின் பயம் இதுதான். அதை அவனுக்கு நடத்திக்காட்டியவள் நான்.

போன கிழமை வேலை முடிந்து நானாட்டான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சாரதி "பாலம் தாண்டி"யைப் போட்டான். பக்கத்தில் வயலுக்கு உரம் வாங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா இருந்தா. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினா.

"ஆர் பிள்ளை இது பாடுறது?"

எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. யூட், முள்ளிக்குளம், தொண்டை, கொழும்பு, அனற்றா, எல்லாம். சொன்னால் அவ 'ஐயோ பாவம்' என்பா. அதற்குப் பிறகு பாட்டு அவவின் காதில் விழாது.

"தெரியாதம்மா," என்றேன். "ஆரோ புதுப் பொடியன்போல கிடக்கு."

"நல்லாத்தான் பாடுறான்," என்றுவிட்டு அவ யன்னல் பக்கம் திரும்பினா. உரப்பையின் மேல் இருந்த விரல் தாளம் போட்டபடியே இருந்தது.

யூட், உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பொய்தான். தெரியாமல் கேட்கிறவர்களுக்கெல்லாம் இனி இதைத்தான் சொல்லுவேன்.