மழை தாங்கும் லாவெண்டர்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் கடலூரில் எல்லோரும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். எனக்கு மட்டும் முதலில் காது மடல் சூடாகும். வெட்கம்தான். மூன்று மழைக்காலமாக நான் அடித்த தம்பட்டமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது.

நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிறவள். பள்ளியில் என்னை 'லாவெண்டர் டீச்சர்' என்பார்கள். அந்தப் பட்டத்தை யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை, நானே பேசிப் பேசிச் சம்பாதித்தது. கடலூர் மழையில் அழுகாத, தொட்டியில் அடக்கமாக நிற்கிற, அள்ளிப் பூக்கிற ஒரு புது லாவெண்டர் ரகத்தை என் வீட்டு மொட்டை மாடியில் உருவாக்கிவிட்டேன் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன், வாட்ஸப் ஸ்டேட்டஸில் படம் போட்டுச் சொன்னேன். பயிர்ப்பெருக்கப் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் மாடிக் கதையையே நடத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். 

பள்ளிச் சுற்றுலாவுக்கு ஊட்டி போனபோது இரண்டு தொட்டி லாவெண்டர் வாங்கி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் ஆரம்பித்தது எல்லாம். வெயிலை எப்படியோ தாங்கிவிட்டன. வேரில் ஈரம் தேங்கினால் அந்தச் செடிக்கு ஆகாது. முதல் அடைமழையிலேயே இரண்டும் அழுகிப்போயின. "அது மலைச்செடி டீச்சர், நம்ம ஊருக்கு ஆவாது" என்றார் கணக்கு டீச்சர். ஆவாது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குப் பித்தம் தலைக்கேறிவிடும். அன்று சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து கறுத்துப்போன தண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். செடிக்காக அழுதேனா, கணக்கு டீச்சர் சொன்னதற்காக அழுதேனா, எனக்கே தெரியாது. ஈரத் துண்டைக் காயப்போட மேலே வந்த மாமனார், என்னைப் பார்த்ததும் துண்டோடு திரும்பிப் போய்விட்டார்.

மாமனார் நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் போனபிறகு எங்களோடு இருக்கிறார். என் கணவர் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். பகலில் வீட்டில் மாமா மட்டும்தான். பேப்பர், டீ, துண்டு, மாடி. அவருடைய நாள் அவ்வளவுதான். அதிகம் பேச மாட்டார். நான் பேசுகிற பேச்சுக்கு வீட்டில் ஒருவராவது அப்படி இருக்க வேண்டியதுதான்.

என் திட்டம் ரொம்ப எளிது. நறுக்கின மாதிரி இலை இருக்கும் ஒரு லாவெண்டர் வகை உண்டு, விதையிலிருந்து வரும், ஒரு வருஷத்துக்குள் பூத்துவிடும். அதை நிறைய விதைத்துத் தொட்டிகளில் வளர்த்து, மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் விட்டுவிட வேண்டும். சாகிறது சாகட்டும். பிழைத்து நிற்பதில் குட்டையாக இருப்பதையும் நன்றாகப் பூப்பதையும் தூரிகையால் மகரந்தம் தொட்டு இணைத்து, அந்த விதையை மறுபடியும் விதைக்க வேண்டும். மறுபடியும் மழை. இதில் ஒரே ஒரு விதிதான். ஈவு இரக்கம் பார்க்கக் கூடாது. பார்த்தால் எது தானாகப் பிழைத்தது, எது நம் தயவில் பிழைத்தது என்று தெரியாமல் போய்விடும். நான் கொஞ்சம் அழுகை ஜாஸ்தி என்பதால், மழை நாளில் மாடிப்படியே ஏறுவதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டினாலும் கீழேயே இருந்து பல்லைக் கடித்துக்கொள்வேன்.

முதல் வருஷம் பெரும்பாலானவை போய்விட்டன, ஒரு கைப்பிடி நின்றது. இரண்டாம் வருஷம் அவற்றின் பிள்ளைகளில் இன்னும் கொஞ்சம் நின்றன. மூன்றாம் வருஷம் பெருமழையெல்லாம் ஓய்ந்து மார்கழி வெயிலில் மாடியேறிப் பார்த்தால், மாடிப்படிப் பக்கத்து வரிசை மொத்தமும் பச்சையாக நின்று ஊதாப் பூவோடு சிரிக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஓடிவந்து, "மாமா, ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன். பேப்பரை மடித்துவிட்டு, "அப்பிடியாம்மா, ரொம்ப சந்தோசம்மா" என்றார். அவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிதம்பரத்தில் என்னோடு படித்த தோழி ஒருத்தி, பி.முட்லூர் பக்கம் நர்சரி வைத்திருக்கிறாள். என் செடிகளைப் பார்த்துவிட்டு, விதையும் தண்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பெருக்கினாள். அடுத்த ஆடிக்குள் அவள் நர்சரி வாசலில் தொட்டி தொட்டியாக என் லாவெண்டர். மேலே ஒரு போர்டு, 'மழை தாங்கும் லாவெண்டர்.' அவளுக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். இவள் கொடுத்த செடி பட்டுப்போகாது என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறைய. அந்த நம்பிக்கையைத்தான் என் வாய்ப்பேச்சை நம்பி அவள் வாசலில் எடுத்துவைத்தாள்.

தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் போன் வந்தது. "ஏய், எல்லாம் போச்சிடி. கடையில இருந்ததும் போச்சி, வாங்கிட்டுப் போனவுங்க வூட்டுல இருந்ததும் போச்சி. ஒரு அம்மா செத்த செடிய தொட்டியோட கொண்டாந்து என் மேசை மேல வச்சிட்டு, ஒண்ணுமே சொல்லாம போறாங்கடி."

நான் கேட்டது என்ன தெரியுமா? "தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னுட்டியா?"

"நான் எங்கடி ஊத்துனேன்? வானம் ஊத்துச்சி."

"என் மாடியில மட்டும் பன்னீரா பெய்யிது? இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்குது? உனக்கு வளக்கத் தெரியலன்னு சொல்லு" என்று போனை வைத்துவிட்டேன். நர்சரியே பிழைப்பாக இருக்கிறவளைப் பார்த்து இதைச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்களே, அந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் இருக்கும்.

மனசு கேட்காமல் அன்று அரை நாள் லீவு போட்டேன். கொட்டுகிற மழையில் என் செடிகள் நிற்கிற அழகைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்காக என் சட்டத்தையும் மீறி மாடியேறினேன்.

மாடிப்படி முடியும் இடத்தில் சிமெண்டுக் கூரை போட்ட சின்ன அறை உண்டு. அதற்குள் காலை வைக்க இடமில்லாமல் என் தொட்டிகள். வெளியே, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தலையில் துண்டோடு மாமா. இன்னொரு தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற தரையில் பாதம் பாதமாக நடந்து வருகிறார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ வர்றதுக்குள்ள திரும்ப வச்சிடுவேம்மா" என்றார். "எப்பவும் வச்சிடுவேன்."

எப்பவும் என்ற அந்த ஒரு சொல்லில் என் மூன்று வருஷமும் கரைந்து சாக்கடையில் போனது.

"யாரு மாமா உங்கள தொடச் சொன்னது? யாரு சொன்னது? தெரியாதத ஏன் தொடுறீங்க?" மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த நாள் முதல் அவரிடம் அப்படி ஒரு குரல் எழுப்பியதில்லை.

தொட்டியைக் கீழே வைக்கவும் தெரியாமல், உள்ளே கொண்டுபோகவும் தெரியாமல் அவர் நனைந்துகொண்டே நின்றார். "அன்னிக்கி அழுதியேம்மா" என்றார்.

பிறகு உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் பட்டப்பகல் போலத் தெரிந்தது. ராத்திரி மழை வரும் போலிருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டுபோய் மாடிப்படி அறையில் படுத்துக்கொள்வார். காற்று நல்லா வருது என்பார். கார்த்திகைக் குளிரில் யாருக்கு என்ன காற்று வேண்டியிருக்கிறது என்று நான் கேட்டதில்லை. வருஷா வருஷம் பிழைத்தவை எல்லாம் மாடிப்படிப் பக்கத்து வரிசையாகவே இருந்தன. அவர் கைக்கு முதலில் எட்டியது அது, அந்த அறையில் அடங்கியதும் அவ்வளவுதான். அந்தப் பக்கம் வடிகால் நல்லது போல என்று நான் ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பிழைத்ததன் பிள்ளைகளை, ஆசையாய்ப் பார்த்துக்கொள்ள வசதியாக, மறுபடியும் மாடிப்படிப் பக்கத்திலேயே அடுக்கினேன். அவரும் மறுபடியும் அவற்றையே தூக்கினார். தொட்டிகளை இடம் மாற்றிக் கலைத்து வைக்க வேண்டும் என்பது பத்து மார்க் கேள்வி. அதற்குப் பதில் எழுதாத பிள்ளைகளை நான் எழுப்பி நிற்கவைத்திருக்கிறேன். மழைக்குத் தாங்கும் செடியை அல்ல, கதவுக்குப் பக்கத்தில் இருந்த செடியைத்தான் மூன்று வருஷமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சிதம்பரம் பஸ் ஏறினேன். போனில் சொல்லிவிட்டுத் தப்பிக்க மனசு வரவில்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊரும் வரவர, பஸ் ரிப்பேராகி நின்றுவிட்டால் தேவலை என்றிருந்தது. நர்சரியில் அவள் செத்த தொட்டிகளைக் கவிழ்த்து மண்ணை உதறிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் முறைத்துப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"போர்ட மாத்தி 'மாமனார் தாங்குற லாவெண்டர்'னு எழுதிடட்டுமாடி?"

நானும் சிரித்துவைத்தேன். பிறகு மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள், "சரி, வளக்கத் தெரியலன்னு சொன்னியே, அத வுடு. பெரியவர என்ன சொன்ன?"

நான் தரையில் சிதறியிருந்த மண்ணைக் காலால் ஒதுக்கினேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை. ஒரு தொட்டியைக் கவிழ்த்து என்னிடம் நீட்டினாள். இருட்டும்வரை இருவரும் மண்ணை உதறினோம்.

எங்கள் வீடுகளில் மாமனாரிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டு, தலையை அவர் தட்டில் வைத்தேன். "நல்லாருக்கும்மா" என்று சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாடிக்கிப் போய் இத காயப்போடட்டுமாம்மா?"

அவர் மகன் கட்டிய வீடு. அதன் மாடிக்குப் போக என்னிடம் அனுமதி கேட்கிறார். "என்ன மாமா இது, போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகும் கேட்டுவிட்டுத்தான் போனார். பலநாள் துண்டு ஜன்னல் கம்பியிலேயே காய்ந்தது.

இந்த வருஷம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். புது விதை. தொட்டிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எது எங்கே என்று மாடி முழுக்கக் கலந்து வைத்தேன். ஏன் இப்படி வைக்கிறேன், ஏன் மழையில் விடவேண்டும் என்று மாமாவிடம் உட்கார்ந்து சொன்னேன். சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார். இனி எந்தக் கோபமும் இல்லை என்று காட்டத்தான் அவ்வளவு விளக்கமும். அவருக்கு அது எப்படிக் கேட்டதோ, தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது மழை இறங்கியது. சட்டென்று இருட்டி, அடித்துப் பெய்தது. கூடத்தில் பார்த்தால் அவர் நாற்காலி காலி. பேப்பர் கீழே கிடக்கிறது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை சொல்லியுமா? கரண்டியைப் போட்டுவிட்டுப் படியில் தடதடவென்று ஏறினேன். என்ன சொல்லித் திட்டுவது என்பது கூட வாயில் தயாராக இருந்தது.

மாடிப்படி அறைக் கதவு திறந்திருந்தது. அறைக்குள் ஒரு தொட்டியும் இல்லை. வாசற்படியில், சாரல் முகத்தில் அடிக்க, மாமா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"நான் எதையும் தொடலம்மா" என்றார். "பாத்துக்கிட்டு மட்டும்தான் இருக்கேன்."

 வெளியே தொட்டிகளில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. எதிர் ஓரத்தில் ஒன்று காற்றில் சாய்ந்து, வேர் தெரியக் கிடந்தது. அவர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத நிமித்தி வையிங்க மாமா" என்றேன்.  "நீங்களே வையிங்க."

அவர் தலையை ஆட்டினார். "வேணாம்மா. அப்பறம் உன் கணக்கு தப்பாப்பூடும்."

மழை விடும்வரை இருவரும் அங்கேயே நின்றோம். அவர் கையை முன்னால் எடுக்கவே இல்லை.